கழகத்தை வாங்குவோர் யார்?

கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ஊர் எது, பாடம் எது என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பின்னர்தான் வந்தன. "நீ சிவப்பு-பொன்னா, பச்சை-அரக்கா?" என்பதே அந்த முதற்கேள்வி. அது 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். நான் ஒன்றும் விளங்காமல் விழித்தேன். என் அறைத்தோழன் விளக்கினான்: சிவப்பும் பொன்னும் ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் கழகத்தின் நிறங்கள், பச்சையும் அரக்கும் மோகன் பகானின் நிறங்கள். "இரண்டும் இல்லை" என்பது இவ்வூரில் விடையாகாது. என் தோழனோ ஈஸ்ட் பெங்கால். அவனோடு ஒரே அறையில் நான்கைந்து ஆண்டு குடியிருக்கப் போகிறவன் வேறென்ன சொல்ல முடியும்? அன்றே நானும் சிவப்பு-பொன் ஆனேன்.

நான் கட்சியில் சேர்ந்த வேளைதான் நல்ல வேளையாக இல்லை. அடுத்த திங்களே, அணியில் முதலீடு செய்திருந்த ஸ்ரீ சிமெண்ட் நிறுவனம் விளையாட்டு உரிமைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகியது. அணிக்கு உடையவர் இல்லை. விடுதி வாயிலில் இருக்கும் தேநீர்க் கடையில் அன்று தொடங்கிய வாதம், ஒன்றரைத் திங்கள் ஓயவே இல்லை. மண் குவளையில் தேநீர் ஆறிப்போகும். வாதம் மட்டும் ஆறாது.

"அணியை யார் வாங்கினால் நல்லது?" என்பதே வாதப் பொருள். கடைக்காரரை நாங்கள் 'தாதா' என்றே அழைப்போம். அவர் பழுத்த ஈஸ்ட் பெங்கால். "பணம் உள்ளவன் எவனாயினும் வரட்டும்" என்பது அவர் கட்சி. வங்கதேசத்துப் பசுந்தரா குழுமத்தின் பெயர் அப்போது அடிபட்டது. விட்டு வந்த மண்ணின் பெயரைத் தாங்கிய கழகத்துக்கு அந்த மண்ணிலிருந்தே பணம் வருவது எவ்வளவு பொருத்தம் என்று சிலர் உருகினார்கள். மே திங்களில் சவுரவ் கங்குலி பேசியதை வைத்து மான்செஸ்டர் யுனைட்டெட்டின் பெயர்கூடச் செய்தித்தாளில் வந்தது. அன்று தாதா எல்லோருக்கும் இலவசமாகத் தேநீர் கொடுத்தார். என் அறைத்தோழனோ, "யாரும் வேண்டாம், நாமே வாங்குவோம். பத்து இலட்சம் பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டால் நூறு கோடி!" என்றான். எங்கள் கூட்டத்தில் ஒருவன் வணிகவியல் மாணவன். அவன் மோகன் பகான். "முதல் ஆண்டு போடுவீர்கள். தோற்ற ஆண்டில்?" என்று சிரித்தான்.

நான் புதியவன். புதியவனுக்கே உரிய துணிவோடு ஒரு கேள்வி கேட்டேன்: "யார் வாங்குவது என்பது இருக்கட்டும். இங்கே விற்கப்படும் பொருள் எது?"

எவரும் உடனே விடை சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்விக்கு விடை தேடி வந்திருக்கிறேன். நம் சங்கத்து நண்பர்கள் பலரும் வார இறுதியில் சால்ட் லேக் அரங்கத்துக்குச் செல்கிறவர்கள். தெருமுனை வாதங்களில் கலந்துகொள்கிறவர்கள். அவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் நான் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

விற்கப்படுவது எது?

நம் ஊர்ப்பக்கம் மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் இரண்டு வழக்கங்களைக் கண்டிருப்பார்கள். ஒன்று, விலை பேசுகிறவர்கள் துண்டுக்கு அடியில் கையை மறைத்து, விரல்களைப் பிடித்தே பேரத்தை முடிப்பார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. மற்றொன்று, மாட்டை விற்றவர் அதன் கயிற்றை அவிழ்த்துத் தம்மிடம் வைத்துக்கொள்வார். மாடு போகலாம், கயிறு போகலாகாது. கால்பந்துக் கழக விற்பனையை விளங்கிக்கொள்ள இந்த இரண்டு வழக்கங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் பெங்கால் 1920 ஆகஸ்டு 1ஆம் நாள் தோன்றியது. ஜோராபாகான் என்ற கழகம், மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டது. அவர் கிழக்கு வங்கத்தவர். அக்கழகத்தின் துணைத்தலைவரான சுரேஷ் சந்திர சௌத்ரி இதைப் பொறாது வெளியேறி, வேறு சிலரோடு சேர்ந்து புதிய கழகம் கண்டார். 1947இல் நாடு பிரிந்தது. வீடும் நிலமும் விட்டுக் கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு, தங்கள் ஊரின் பெயரைத் தாங்கி நின்ற அந்தக் கழகமே ஊராயிற்று. எதிரணியான மோகன் பகானோ 1889இல் தோன்றியது. 1911 சூலை 29ஆம் நாள், ஒருவர் தவிர மற்றெல்லோரும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் படையணியை 2-1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்ற பெருமை அதற்கு உண்டு. நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1949 முதல் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்காலின் முன்னணியில் ஆடி, 'பஞ்ச பாண்டவர்' என்று பெயர் பெற்ற வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டவரே. தெற்கிலிருந்து வந்த ஐவரைக் கிழக்கிலிருந்து வந்தவர்கள் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள்.

சரி, இத்தகைய கழகத்திடம் இருக்கும் சொத்து என்ன? நிலமா? அன்று. மைதான் வெளி முழுதும் இராணுவத்துக்கு உரியது. கழகங்களின் 'கூடாரம்' என்று வழங்கும் அலுவலகங்களும் பழைய ஆடுகளங்களும் அந்த நிலத்தில்தான் நிற்கின்றன. பெரிய ஆட்டங்கள் நடக்கும் சால்ட் லேக் அரங்கம் மாநில அரசினுடையது. ஆட்டக்காரர்களோ ஓராண்டு ஈராண்டு ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்கள். ஆக, எஞ்சுவன நான்கே: பெயர், நிறம், சின்னம், போட்டிகளில் ஆடும் உரிமை. இவற்றுக்கு விலை எங்கிருந்து வருகிறது? ஞாயிறுதோறும் வந்து நிற்கும் கூட்டத்திலிருந்து வருகிறது. கூட்டம் இல்லையேல் பெயருக்கு விலை இல்லை. வாங்குபவர் உண்மையில் வாங்குவது நம்முடைய பற்றையே என்பது எவ்வளவு பெரிய வேடிக்கை!

ஆனால் அந்தக் கூட்டம் விற்பனைப் பத்திரத்தில் எங்கும் இல்லை. கழகம் என்பது உறுப்பினர்களின் சங்கம். உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள். வாக்களித்துச் செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் தொகை ஆயிரக்கணக்கில். ரசிகர்கள் தொகையோ இலட்சக்கணக்கில். ரசிகருக்கு வாக்கு இல்லை. தொழிலதிபர் வரும்போது, சங்கத்தை அவர் வாங்குவதில்லை. கால்பந்துக்கென்று ஒரு தனி நிறுவனத்தை அமைத்து, அதன் பங்குகளில் பெரும்பகுதியை அவர் பெற்றுக்கொள்கிறார். மிச்சப் பங்கு சங்கத்திடம் நிற்கிறது. அணியை நடத்துவது நிறுவனம். கூடாரத்தை நடத்துவது சங்கம். கணவன் ஓர் ஊரிலும் மனைவி ஓர் ஊரிலுமாக இருந்து நடத்தும் குடும்பம் போன்றது இது.

பணம் ஏன் வேண்டும்?

கொல்கத்தாவில் இது நேற்று வந்த வழக்கமன்று. 1998இலேயே மதுபான நிறுவனமான யுனைட்டெட் புரூவரீஸ் இரண்டு கழகங்களோடும் சரிபாதிப் பங்கில் நிறுவனம் அமைத்தது. ஒன்றின் பெயரோடு கிங்பிஷரும் மற்றதன் பெயரோடு மெக்டவலும் ஒட்டிக்கொண்டன. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தோன்றியபின் நிலைமை மாறியது. அயல்நாட்டுப் பயிற்சியாளர், அயல்நாட்டு ஆட்டக்காரர், விமானப் பயணம், இளைஞர் அணிகள் என்று செலவு பெருகியது. 2019-20 முதல் அதுவே நாட்டின் முதல்தர லீக் என்றாயிற்று. அதில் இடம் பெறாத கழகம், எவ்வளவு பழம்பெருமை உடையதாயினும், இரண்டாம் பந்தியில் உட்கார வேண்டியதுதான். சந்தாவும் நுழைவுச் சீட்டும் இந்தச் செலவுக்கு எம்மாத்திரம்?

ஆகவே 2018இல் குவெஸ் நிறுவனம் ஈஸ்ட் பெங்காலில் நூற்றுக்கு 70 பங்கு பெற்றது; இரண்டே ஆண்டில் விலகியது. 2020 செப்டம்பரில், முதலமைச்சர் மமதா பானர்ஜியின் முயற்சியால் ஸ்ரீ சிமெண்ட் வந்தது. அதன் பங்கு 76.

70, 76 என்ற எண்களை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. "ஆறு கூடினால் என்ன, குறைந்தால் என்ன?" என்றேன். வணிகவியல் நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். "அந்த ஆறில்தான் எல்லாம் இருக்கிறது" என்று சொல்லி, ஒரு பழைய செய்தித்தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். நம் நாட்டு நிறுவனச் சட்டத்தின்படி, சில பெரிய முடிவுகளுக்குப் பாதிக்கு மேற்பட்ட வாக்கு மட்டும் போதாது. நிறுவனத்தின் பெயரை மாற்றவும் அமைப்பு விதிகளைத் திருத்தவும் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு, போடப்பட்ட வாக்குகளில் நாலில் மூன்று பங்கு, அதாவது நூற்றுக்கு 75, ஆதரவாக இருத்தல் வேண்டும். வாங்கியவரிடம் 70 இருந்து சங்கத்திடம் 30 இருந்தால், சங்கம் "கூடாது" என்று ஒரு சொல் சொல்லி அத்தகைய தீர்மானத்தைத் தடுக்கலாம். வாங்கியவரிடம் 76 இருந்து சங்கத்திடம் 24 இருந்தால்? சங்கம் கையைத் தூக்கலாம், குரலை எழுப்பலாம், தடுக்க முடியாது. தனியே எழுதப்பட்ட ஒப்பந்தப் பாதுகாப்பு ஒன்றே அதன்பின் துணை.

இருபத்தாறு என்ற எண்ணுக்கு இத்துணை வலிமை உண்டென்று நான் அன்றுதான் அறிந்தேன். ஒன்றரைத் திங்களாக வாதாடிய எங்களில் எவரும் அதுவரை அந்த எண்ணை வாயால் சொல்லவில்லை. வாங்குபவர் பெயரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஒரு வீட்டில் இரு கட்சி

இது வெறும் கணக்கன்று என்பதை என் அறைத்தோழன் வீட்டில் கண்டேன். யாதவ்பூர்ப் பக்கத்தில், நாட்டுப் பிரிவினைக்குப்பின் வந்தவர்கள் குடியேறிய பகுதியில் அவன் வீடு. அவனுடைய தந்தையார் ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் உறுப்பினர். அவருக்கு முன் அவருடைய தந்தையார். உறுப்பினர் அட்டையைச் சாமி படத்துக்கு அருகில் வைத்திருக்கிறார். அவனுடைய அண்ணன் உறுப்பினர் அல்லர். ஆனால் ஓர் ஆட்டத்தையும் விடாத ரசிகர்.

2021இல் ஸ்ரீ சிமெண்ட்டுக்கும் கழக நிர்வாகிகளுக்கும் இடையே பூசல் முற்றியது. முதலில் போட்டது சுருக்கமான உடன்பாடு. பிறகு வந்தது முழு ஒப்பந்தம். "முதலில் பேசியதற்கும் இதற்கும் வேறுபாடு உள்ளது, கையெழுத்திட்டால் உறுப்பினர் உரிமை பறிபோகும்" என்றனர் நிர்வாகிகள். "பணம் போட்டுவிட்டோம், பேசிய உரிமை இன்னும் கைக்கு வரவில்லை" என்றது நிறுவனம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது என்ன என்பதை இலட்சக்கணக்கான ரசிகர் அறியார். துண்டுக்கு அடியில் நடந்த பேரம் அது. அவர்கள் அறிந்ததெல்லாம் ஒன்றுதான்: கையெழுத்து விழாவிட்டால் அணி அவ்வாண்டு லீக்கில் ஆடாமற் போகலாம். சூலை 21ஆம் நாள் கழகக் கூடாரத்தின் முன் ரசிகர்கள் திரண்டார்கள். கையெழுத்திடச் சொல்லி ஒரு சாரார், நிர்வாகிகளை ஆதரித்து மறு சாரார். கடைசியில் காவலர் தடியடி நடத்தும் அளவுக்கு நிலைமை சென்றது.

என் தோழன் வீட்டிலும் அன்று இரு கட்சி. "வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்காரச் சொல்கிறாயா? ஒரு முறை அப்படி வந்தது போதாதா?" என்று கேட்டாராம் தந்தையார். "அணி ஆடாவிட்டால் அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?" என்றாராம் அண்ணன். தந்தையும் மகனும் பதினைந்து நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. நடுவில் அகப்பட்டவர் அம்மா. இருவருக்கும் தனித்தனியே சோறு போட்டு அலுத்துப்போய், "இந்த வீட்டில் இனி எவராவது பந்து என்று சொன்னால் உலை வைக்க மாட்டேன்" என்று அறிவித்த பின்னரே ஓரளவு அமைதி திரும்பிற்று.

இருவரில் யார் சொன்னது சரி? எனக்கு இருவர் சொன்னதும் சரியாகவே படுகிறது. தந்தையார் கயிற்றைப் பற்றிப் பேசினார். மகன் மாட்டைப் பற்றிப் பேசினார். கயிறு மட்டும் இருந்தால் பால் கறக்க முடியாது. கயிறும் போய்விட்டால் மாடு நம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஏதும் மிஞ்சாது.

முதலமைச்சர் தலையிட்டு, ஆகஸ்டில் அவ்வாண்டுக்கு மட்டும் ஒரு வழி பிறந்தது. அந்த ஆண்டில் அணி பதினோராவது இடத்தில், அதாவது கடைசி இடத்தில், முடிந்தது. பூசலில் போன நாட்களில் நல்ல அணியைச் சேர்க்க முடியவில்லை என்பதே பலரும் சொல்லும் காரணம்.

எதிர்க்கரையில் நடந்தது

எங்கள் துன்பத்தைக் கண்டு சிரித்த மோகன் பகான் நண்பனுக்கும் ஒரு துன்பம் இருந்தது. 2020 சனவரியில் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம் மோகன் பகானின் கால்பந்து நிறுவனத்தில் நூற்றுக்கு 80 பங்கு பெறுவதாக அறிவிப்பு வந்தது. அக்குழுமத்திடம் ஏற்கெனவே ஏ.டி.கே. என்ற அணி இருந்தது. அது 2014இல் பிறந்தது. மூன்று முறை சூப்பர் லீக் கோப்பையை வென்றது. இரண்டும் இணைந்து 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆயின. அதே 2020 மார்ச்சில்தான் மோகன் பகான் ஐ-லீக் பட்டத்தை வென்றிருந்தது. வென்ற கழகத்தின் பெயருக்கு முன்னால் ஆறு வயது அணியின் பெயர் வந்து உட்கார்ந்தது. பச்சை-அரக்கு நிறம் நிலைத்தது. பெயர் மட்டும் உறுத்திற்று. "ஏ.டி.கே.யை நீக்கு" என்ற முழக்கம் மூன்றாண்டு ஓயவில்லை. அணி நன்றாகவே ஆடியது, ஆயினும் ஓயவில்லை.

2023 மார்ச்சு 18ஆம் நாள் கோவாவில் பெங்களூரு அணியை வென்று கோப்பையைப் பெற்ற அந்த இரவிலேயே, உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா, பெயரிலிருந்து ஏ.டி.கே. நீக்கப்படும் என்று அறிவித்தார். அணி 'மோகன் பகான் சூப்பர் ஜெயண்ட்' ஆயிற்று. 2024-25இல் லீக் கேடயம், கோப்பை இரண்டையும் அதுவே வென்றது.

இதை என்னவென்று சொல்வது? நல்ல பணம், நல்ல நிர்வாகம், ரசிகரின் குரலுக்கு இறுதியில் செவிசாய்த்தது எல்லாம் உண்மை, பாராட்டத்தக்கவை. என் நண்பன் அன்றிரவு அழுததை நான் பார்த்தேன். ஆனால் அவனே மறுநாள் சொன்னான்: "கேட்டோம், கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருந்தால்?" அது கொடையாக வந்தது, உரிமையாக வரவில்லை. கொடையாளி மாறினால் கொடையும் மாறும் அன்றோ?

வாங்குவோர் பலவகை

எனவே, வாங்குவோரை ஆள் ஆளாகப் பார்ப்பதைவிட வகை வகையாகப் பார்ப்பது நன்று.

முதல் வகை, தொழிற்சாலையின் அணி. நம் நாட்டில் தேசியக் கால்பந்து லீக்கின் முதற்பட்டத்தை 1997இல் வென்றது பஞ்சாபின் பக்வாராவைச் சேர்ந்த ஜே.சி.டி. ஆலை அணி. 2011இல் அது கலைக்கப்பட்டது. 1962இல் தோன்றிய மகீந்திரா அணி அதற்கு முந்திய ஆண்டே, 2010இல், கலைந்தது. இவ்வகை அணியின் இயல்பை நான் என் சொந்த ஊரிலேயே அறிவேன். எங்கள் ஊர் நூற்பாலைக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. என் மாமா அதில் ஆடி, அதனாலேயே வேலையும் பெற்றவர். நிர்வாகம் கைமாறிய அடுத்த ஆண்டே அணி நின்றது. கேட்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை. அணி ஆலையின் சொத்து. கோல் கம்பங்களில் இன்று துணி காய்கிறது. மாமா அவ்வழியே போகும்போது அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

இரண்டாம் வகை, இடம்பெயரும் அணி. 2019இல் தில்லி டைனமோஸ் புவனேசுவரத்துக்குப் போய் ஒடிசா அணியாயிற்று. அதே ஆண்டில் புனே நகர அணி கலைந்து, அதன் இடத்தில் ஐதராபாத் அணி வந்தது. தில்லியிலும் புனேயிலும் கொடி பிடித்தவர்களை எவரும் கேட்கவில்லை. இங்கிலாந்தில் இதே கொடுமை நடந்தபோது ரசிகர் சும்மா இருக்கவில்லை. 2002இல் விம்பிள்டன் அணியை வேறு நகருக்குக் கொண்டு போக அனுமதி அளிக்கப்பட்டது. ரசிகர்கள் ஏ.எப்.சி. விம்பிள்டன் என்று புதிய கழகம் கண்டு, அடிமட்ட லீக்கிலிருந்து ஏறி, 2011இல் இங்கிலாந்தின் கால்பந்து லீக்குக்குள் (Football League) நுழைந்தார்கள். 2020இல் தங்கள் பழைய பிளவ் லேன் பகுதிக்கே திரும்பினார்கள்.

மூன்றாம் வகை, கடன் வைத்து வாங்குவோர். 2005இல் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைட்டெட்டை வாங்கியது. வாங்கப் பெற்ற கடனின் பெரும்பகுதி கழகத்தின் தலையிலேயே விழுந்தது. அப்படியாயின், அப்பெயர் செய்தித்தாளில் வந்த நாளில் நாங்கள் குடித்த இலவசத் தேநீர் கொஞ்சம் அவசரப்பட்டதே!

நான்காம் வகை, உறுப்பினரே உடைமையாளர். ஸ்பெயினில் பார்சிலோனாவும் ரியல் மாட்ரிட்டும் அத்தகையவை. ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி உண்டு: நிறுவனம் அமைத்துப் பங்கு விற்கலாம், ஆனால் வாக்குகளில் பாதியும் மேலே ஒன்றும் உறுப்பினர் சங்கத்திடமே இருத்தல் வேண்டும். சில விலக்குகள் உண்டு. இந்த விதி இருந்தும், 2009இல் லைப்சிக் நகரில் ஒரு பான நிறுவனம் மிகச் சில உறுப்பினர்களை மட்டும் வைத்துக் கழகம் நடத்தி விதியின் உயிரைப் பறித்தது என்று அங்கே இன்றும் குறை சொல்கிறார்கள்.

உறுப்பினர் உடைமை என்பதால் எல்லாம் நலமாகிவிடும் என்று எண்ணவும் வேண்டாம். பார்சிலோனாவின் கடன் 2021இல் நூறு கோடி யூரோவைத் தாண்டியது. அவ்வாண்டு மெஸ்ஸியே வெளியேற நேர்ந்தது. வாக்குரிமை இருந்தாலும் கணக்கைக் கேட்பவர் இல்லையெனில், உறுப்பினர் கழகமும் ஓட்டைப் பானைதான். என் அறைத்தோழனிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் ஆயிரம் ரூபாய் வேண்டாம் என்கிறாயா?" என்று வருந்தினான். "ஆயிரம் ரூபாய் போடு, வரவு செலவையும் கேள்" என்றேன்.

கேட்க வேண்டியவை

இவ்வளவையும் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: யார் வாங்குவது என்பது இரண்டாவது கேள்வி, எதை விற்காமல் வைத்துக்கொள்வது என்பதே முதற்கேள்வி. நல்லவர் வாங்கலாம், அவர் பிள்ளை நல்லவராக இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. பணக்காரர் வாங்கலாம், அவர் தொழில் நொடிக்காது என்பதற்கும் உறுதி இல்லை. காகிதத்தில் எழுதிய உரிமை ஒன்றே ஆளுக்கு ஆள் மாறாதது.

ஆகவே, அடுத்த முறை தேநீர்க் கடையில் வாதம் எழும்போது, நண்பர்களே, நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று: பெயர், நிறம், சின்னம், ஊர் ஆகிய நான்கும் யாருடைய சம்மதமின்றி மாறக்கூடாது என்று எழுதப்பட்டிருக்கிறதா? இரண்டு: சங்கத்தின் கையில் இருபத்தைந்துக்கு மேல் நிற்கிறதா? இல்லையெனில் அதற்கு ஈடான தடுப்புரிமை உண்டா? மூன்று: நட்டம் வந்தால் யார் தலையில்? நான்கு: வந்தவர் விலகும்போது உரிமைகள் எத்தனை நாளில், என்ன நிபந்தனையில் திரும்பும்? திருமணப் பேச்சின்போதே மணமுறிவைப் பேசுவதா என்று கேட்கலாம். நான்காண்டில் மூன்று பேர் கைமாறிய கழகம் பேசித்தான் ஆக வேண்டும்.

இவை நடவாத கனவுகள் அல்ல. வேல்சில் கார்டிப் நகர அணியின் உரிமையாளர் 2012இல் நீலச் சட்டையைச் சிவப்பாக்கினார். ரசிகரின் எதிர்ப்பால் 2015இல் நீலம் மீண்டது. இத்தகைய அனுபவங்களால் இங்கிலாந்தில் 2025இல் சட்டமே வந்துவிட்டது. அதன்படி கழகத்தின் சின்னத்தையும் நிறத்தையும் மாற்ற ரசிகரின் ஆதரவு வேண்டும். நம் சந்தையில் விற்பவர் வாய்ச்சொல்லும் கேளாமல் கயிற்றை வைத்துக்கொள்வதை, அவர்கள் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

எங்கள் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 2022 மே 25ஆம் நாள் இமாமி குழுமம் வருவதாக முதலமைச்சர் அறிவித்தார், ஆகஸ்டில் கையெழுத்தாயிற்று. 2024 சனவரி 28ஆம் நாள், புவனேசுவரத்தில், கூடுதல் நேரத்தில் ஒடிசா அணியை 3-2 என்று வென்று ஈஸ்ட் பெங்கால் சூப்பர் கோப்பையைப் பெற்றது. அன்று நான் அறைத்தோழன் வீட்டில்தான் இருந்தேன். மூன்றாவது கோல் விழுந்தபோது தந்தையாரும் அண்ணனும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன் சமைப்பது அவர்கள் மரபு. அது இலிஷ் காலமன்று. ஆயினும் மறுநாள் தந்தையார் எங்கோ தேடி, குளிர்பெட்டியில் வைத்திருந்த மீனைக் கொள்ளை விலை கொடுத்து வாங்கி வந்தார். முள் எடுக்கத் தெரியாத எனக்கு அம்மாவே எடுத்துக் கொடுத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன், "பார்த்தீர்களா பாபா, பணம் வந்தது, கோப்பை வந்தது" என்றார். தந்தையார் மறுக்கவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, சாமி படத்தின் அருகிலிருந்த அட்டையை எடுத்து மகனிடம் நீட்டினார். "அடுத்த ஆண்டு நீயும் விண்ணப்பம் போடு. அடுத்த ஒப்பந்தம் வரும்போது நான் இருப்பேனோ இல்லையோ, படித்துப் பார்க்க ஒருவன் உள்ளே இருக்க வேண்டும்" என்றார்.

அண்ணன் விண்ணப்பம் போட்டுவிட்டார். அதன் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான்.